எல்லையைக் காப்பது யார் பொறுப்பு?
தாதியர் – நோயாளி உறவு பற்றிச் சில அனுபவக் குறிப்புகள்

சென்ற வருடம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், எமது ஒழுங்கையில் வசிக்கும் ஒருவர் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவள். வந்தவர் ஒரு போனை மேசையில் வைத்தார்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க. எனக்கு வாயால சொல்ல ஏலாம இருக்கு."

34 வருடங்கள் அரச வைத்தியசாலைகளில் தாதியாகவும், பிற்காலத்தில் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டராகவும் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். ஊரில் எவருக்கும் ஆஸ்பத்திரி சம்பந்தமாக ஒரு பிரச்சினை என்றால் என்னிடம் வருவது வழக்கம். போனை எடுத்து வாசித்தேன்.

பிள்ளை மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து காலில் காயம்பட்டு, நாளாந்தம் மருந்து கட்டப் போய் வந்திருக்கிறாள். மருந்து கட்டும் அறையில் இருந்த ஆண் தாதி ஒருவர், கிளினிக் கொப்பியில் இருந்த இலக்கத்தை எடுத்து வட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கியிருக்கிறார். முதலாவது செய்தி: "காயம் எப்படி? மருந்து ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" இவள் எழுதிய பதில்: "குடிக்கிறன் சேர். ஜஸாக்கல்லாஹ்." நான்காம் நாள், காயத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறார். ஏழாம் நாள் அவளுடைய படத்தைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு இரவு பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் செய்திகள். "இதை வீட்டுல காட்ட வேணாம், பிழையா நினைப்பாங்க" என்று ஒன்று. அவள் பதில் போடுவதை நிறுத்தியதும் வந்த கடைசிச் செய்தி: "நாளைக்கு மருந்து கட்ட வரத்தானே வேணும்."

பிள்ளை மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சுகமாகிவிட்டது என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்பதாம் நாள் காயம் மணக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டாருக்கு விசயம் தெரிந்தது.

வாப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஆருக்கும் தெரியாம அந்தப் பொடியனுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டாப் போதும். குமர்ப்பிள்ளைட விசயம்." பிள்ளை அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தவள், வாப்பா தண்ணீர் குடிக்க எழும்பிய நேரம் மெதுவாகக் கேட்டாள்: "நான்தானே சிஸ்டர் முதல்ல பதில் போட்டன். அப்ப பிழை என்னிலயும்தானே?"

அன்றிரவு அவளுக்கு நான் சொன்ன விடை போதுமானதாக இருக்கவில்லை. இக்கட்டுரையில் அதைச் சற்று விரிவாகச் சொல்ல முயல்கிறேன். அந்தத் தாதி எந்த ஊர், எந்தச் சமூகம், எந்த வைத்தியசாலை என்பவை இங்கு தேவையற்றவை. அவற்றைச் சொன்னால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

சமமில்லாத உறவு

கடையில் சாமான் வாங்கப் போகிறவருக்கு, பிடிக்காவிட்டால் அடுத்த கடை இருக்கிறது. வாட்டில் படுத்திருப்பவருக்கு அடுத்த வாட்டு இல்லை. அவருடைய உடம்பு தாதிக்குத் தெரியும். அவர் எப்போது மலசலம் கழித்தார், இரவில் எதை நினைத்து அழுதார், அவருக்கு எந்த நோய், அவரைப் பார்க்க யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதெல்லாம் தெரியும். ஆனால் தாதியைப் பற்றி நோயாளிக்குத் தெரிந்தது சட்டையில் குத்தியிருக்கும் பெயர் மாத்திரமே. வலிக்கு ஊசி கேட்பதும், கட்டிலை உயர்த்தச் சொல்வதும், பார்வையாளரை இன்னும் ஐந்து நிமிடம் இருக்க விடும்படி மன்றாடுவதும் தாதியிடம்தான். பெரிய உத்தியோகத்தில் இருந்த மனிதர்கள் கூட வாட்டு உடுப்பைப் போட்டதும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே நோயாளி சிரிப்பதும், பதில் எழுதுவதும், கேட்டதைக் கொடுப்பதும் சம்மதம் ஆகிவிடாது. நாளைக்கும் அதே கையிடம்தான் காயத்தை நீட்ட வேண்டும் என்ற நினைப்பு அவருக்குள் இருக்கிறது. இந்தப் பிள்ளை "ஜஸாக்கல்லாஹ்" என்று எழுதியது மரியாதை. மருந்து கட்டுபவருக்கு நன்றி சொல்லாத பிள்ளையை நாம் வளர்ப்பதில்லையே. அந்த மரியாதையைத்தான் மற்றவர் கதவு திறந்ததாக எடுத்துக்கொண்டார்.

தாதியியலில் ஹில்டெகார்ட் பெப்லோ என்ற அமெரிக்கத் தாதி 1952இல் எழுதிய நூல், தாதி – நோயாளி உறவைத் தனியானதொரு பாடமாக ஆக்கியது. அவருடைய கருத்தின்படி இவ்வுறவு அந்நியர் இருவர் சந்திப்பதில் ஆரம்பித்து, படிப்படியாக வளர்ந்து, நோயாளி தன் காலில் நிற்கும்போது முடிவுக்கு வருகிறது. முடிய வேண்டிய இடத்தில் முடிவதும் இவ்வுறவின் ஒரு கட்டம். நட்பு அப்படியானதன்று. நாளாக நாளாக வளர்வதே அதன் இயல்பு. இவ்விரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் அநேகமான மீறல்கள் ஆரம்பிக்கின்றன.

இரண்டு பக்கமும் எல்லை

எல்லை மீறல் என்றதும் எம்மவர் மனதில் வருவது ஆண் – பெண் விடயம் மாத்திரமே. அது மிகப் பாரதூரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் முழுப் படம் அதைவிடப் பெரியது.

அமெரிக்க மாநிலத் தாதியர் சபைகளின் தேசியப் பேரவை தாதியருக்காக வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இதை ஒரு நேர்கோடாக விளக்குகிறது. கோட்டின் ஒரு முனையில் அளவுக்கு மிஞ்சிய ஈடுபாடு. மறுமுனையில் ஈடுபாடே இல்லாத நிலை. நடுவில் இருப்பது உதவிக்கான வெளி. நல்ல தாதி அந்த நடுவெளிக்குள் நின்று வேலை செய்கிறார். ஒரு முனையில் பரிசு, கடன், இரவு நேரச் செய்திகள், இரகசியம், காதல், பாலியல் சுரண்டல். மறுமுனையில் கூப்பிட்டும் திரும்பாமை, ஏச்சு, அலட்சியம்.

மறுமுனையை நாம் மீறலாகவே எண்ணுவதில்லை. பிரசவ அறையில் வலியால் கத்தும் தாயைப் பார்த்து, காதால் கேட்கக்கூடாத வார்த்தை சொல்லி அடக்கிய சக ஊழியர்களை நான் அறிவேன். ஆறாவது பிள்ளைக்காக வந்த ஒரு தாயிடம் "இன்னும் போதாதா?" என்று கேட்டது என் காதில் விழுந்திருக்கிறது. அந்தத் தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன் பின் வலி கூடியபோதும் அவர் எவரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாத நோயாளிக்கு ஏதும் ஆனால் அதை முதலில் அறிய வேண்டியவர் தாதி. இதுவும் எல்லை மீறல்தான்.

இலண்டனில் ஒரு போதனா வைத்தியசாலையின் தாதியர் சேவையை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ், 1960இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மறுமுனையின் காரணத்தைத் தொட்டுக் காட்டினார். நோயையும் மரணத்தையும் நாளாந்தம் காண்பதால் எழும் மனப்பதற்றத்தைத் தாங்குவதற்காக, தாதியர் சேவையின் ஒழுங்குகளே நோயாளியைத் தூரத்தில் வைக்கும்படி அமைந்துவிடுகின்றன என்பது அவர் கண்டது. நோயாளியைப் பெயரால் சொல்லாமல் கட்டில் இலக்கத்தாலோ பழுதான உறுப்பாலோ சொல்வது அவற்றில் ஒன்று. "பதினாலாம் கட்டிலுக்கு சேலைன் மாத்துங்க" என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒரு தாதிக்கு அளவுக்கு மிஞ்சிய நோயாளர் இருக்கும் வாட்டில் அது இலகுவான வழி. காரணம் விளங்குகிறது என்பதால் பிழை சரியாகிவிடாது.

உதவி எங்கே மீறலாகிறது?

மேற்சொன்ன வழிகாட்டி எல்லையைத் தாண்டுதல், எல்லையை மீறுதல், பாலியல் துர்நடத்தை என மூன்றைப் பிரித்துக் காட்டுகிறது. தாண்டுதல் என்பது நோயாளியின் தேவைக்காகச் சற்று வெளியே காலெடுத்து வைத்து, உடனே உள்ளே திரும்புவது. மீறுதல் என்பது தாதியின் தேவை நோயாளியின் தேவையோடு கலந்துவிடுவது.

துண்டு வெட்டிய பிறகு வீட்டுக்குப் போகப் பஸ் காசில்லாமல் நின்ற ஒரு மூதாட்டிக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். அதைச் சக தாதியிடமும் சொன்னேன். அது அத்தோடு முடிந்தது. இன்னொருவர், நீண்ட காலமாகச் சிகிச்சை பெற்றுவந்த நோயாளி ஒருவரிடம் "வீட்டு வேலை நிக்குது, சம்பளம் வந்ததும் தாறன்" என்று கடன் வாங்கினார். நோயாளியின் மகன் வெளிநாட்டில் இருந்தது அவருக்குத் தெரியும். கடன் திரும்பி வரவில்லை. நோயாளி கேட்கவும் இல்லை. எப்படிக் கேட்பார்? அடுத்த கிழமையும் அதே தாதிதானே ஊசி குத்த வேண்டும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் நான்கு கேள்விகள் சொல்லிக்கொடுப்பது வழக்கம். இதைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் செய்வேனா? இதை வாட் சிஸ்டருக்கு முன்னால் செய்வேனா? இதை நோயாளியின் டிக்கட்டில் எழுத முடியுமா? இது நடக்காவிட்டால் கவலைப்படப்போவது நோயாளியா, நானா? நான்கில் ஒன்றுக்காவது மனம் தடுமாறினால் அங்கே நிற்க வேண்டும்.

இந்தப் பிள்ளைக்கு வந்த செய்திகளை இக்கேள்விகளின் முன் வைத்துப் பாருங்கள். காயம் எப்படி என்று கேட்பது தாதியின் வேலை. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் மருந்து கட்டும் அறை. சிகிச்சைக்காகப் பதியப்பட்ட இலக்கத்தைத் தன் போனுக்கு எடுத்ததிலேயே மீறல் நடந்துவிட்டது. "வீட்டில் காட்ட வேணாம்" என்று எழுதியபோது, தான் செய்வது பிழை என்று அவருக்கே தெரிந்திருந்தது என்பதும் வெளியாகிவிட்டது. இரகசியம் பேணும்படி நோயாளியை ஒரு தாதி கேட்டால், அந்த இரகசியம் நோயாளியின் நலனுக்கானதன்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நோயாளர்களும் உறவினர்களும் எல்லை தாண்டுவதுண்டு. கையைப் பிடித்து இழுத்த நோயாளர்களையும், "சந்தோசத்துக்கு" என்று கவரைப் பையில் திணித்துவிட்டு ஓடியவர்களையும் கண்டிருக்கிறேன். நோயாளி ஒருவர் தாதியிடம் மனதைப் பறிகொடுப்பதும் நடக்கக்கூடியது. வலியில் கிடக்கும்போது அன்பாகப் பேசிய முகத்தை மனம் பிடித்துக்கொள்கிறது. அதைப் பாவித்துக்கொள்ளாமல், கண்ணியமாக விலக்கி, வேறொரு தாதியை அந்த வேலைக்கு விடுவது பயிற்சி பெற்றவரின் கடமை. எல்லையைத் தொட்டது நோயாளியாக இருந்தாலும், அதைக் காக்கும் பொறுப்பு தாதியிடமே இருக்கிறது. அதற்கான பயிற்சியும் சம்பளமும் பெறுபவர் அவர்தான்.

சிகிச்சை முடிந்த பின் தாதியும் நோயாளியாக இருந்தவரும் மணம் முடிக்கக்கூடாதா என்று கேட்பார்கள். ஒரு சிறு காயத்துக்காக ஒரு நாள் வந்து போனவரைப் பல வருடங்களின் பின் குடும்பங்கள் அறியச் சந்திப்பது வேறு. மாதக்கணக்கில் பராமரித்தவரை, அதுவும் மனநோய்க்காகச் சிகிச்சை பெற்றவரை, அங்கே அறிந்துகொண்ட பலவீனத்தின் வழியாக நெருங்குவது வேறு. இரண்டாவதில் சிகிச்சை முடிந்தாலும் அதிகாரம் முடிவதில்லை.

என் நாவினால் வந்தது

இனி எழுதப்போவது எனக்கு இலகுவானதன்று. மற்றவர் பிழையை எழுதிவிட்டு என் பிழையை மறைத்தால் இக்கட்டுரைக்குப் பெறுமதி இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெண்கள் வாட்டில் இரவுக் கடமை. எமது ஊர்ப் பிள்ளை ஒருத்தியை நடுச்சாமத்தில் கொண்டுவந்தார்கள். மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். அல்லாஹ்வின் உதவியால் பிழைத்துக்கொண்டாள். உம்மா அயலவரிடம் "சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல" என்று சொல்லியிருந்தார். காலையில் நான் களைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணி ஊற்றித் தந்த மாமி, "அந்தப் புள்ளைக்கு என்னவாம்?" என்று கேட்டார். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "மாமி, இதை ஆருக்கும் சொல்லிப்போட வேணாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளைக்குப் பேசி முற்றாகியிருந்த சம்பந்தம் குழம்பியது. கேள்வி கேட்டு எவரும் என்னிடம் வரவில்லை. ஆனால் அந்த வீட்டார் அதன் பிறகு எமது ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. காய்ச்சல் என்றாலும், பேரப்பிள்ளைக்கு ஊசி என்றாலும், பஸ் ஏறி வேறு ஊருக்குப் போனார்கள். பல வருடங்கள் கழித்து, ஹஜ்ஜுக்குப் போவதற்கு முன், அந்த உம்மாவிடம் போய்ப் பொருத்தம் கேட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் பொருந்திக்கிட்டன் மகள். ஆனா அந்த வாட்டுக்கு மட்டும் வரச் சொல்லாதீங்க."

நான் எவரிடமும் காசு வாங்கவில்லை, எவரையும் தகாத முறையில் தொடவில்லை. ஆயினும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வைத்தியசாலையை இல்லாமலாக்கினேன். ஊருக்குள் எல்லாரும் சொந்தமாக இருக்கும் எம்மைப் போன்ற சமூகத்தில் அடிக்கடி நடக்கும் மீறல் இதுதான் என்பது என் எண்ணம். சொந்தக்காரத் தாதி வாட்டில் இருப்பது ஒரு பக்கம் ஆறுதல். மறுபக்கம், வாட்டில் நடந்தது குசினிக்கு வருமோ என்ற பயம். இன்று அதற்கு வட்ஸ்அப் குழுமங்களும் சேர்ந்துவிட்டன. நோயாளியின் எக்ஸ்ரேயையும் விபத்தில் சிதைந்த உடலையும் படம் எடுத்துப் பகிர்வது என் நாவினால் வந்ததைவிடப் பல மடங்கு தூரம் போகும்.

அமானிதம்

தாதியர் பயிற்சி முடிவில் விளக்கேந்தி எடுக்கும் உறுதிமொழி புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரைக் கொண்டது. அதை எழுதியவர் அவரல்லர். 1893இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரும் அவரது குழுவினரும் தம் மாணவியருக்காக ஆக்கியது. கடமையின்போது அறியவரும் நோயாளியின் சொந்த விடயங்களையும் குடும்ப விடயங்களையும் வெளியிடாமல் காப்பது அதிலுள்ள ஒரு பிரதான வாக்கு. 1953இல் சர்வதேச தாதியர் பேரவை தன் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்ட காலம் முதல் இது உலகத் தாதியர் அனைவருக்கும் பொதுவான நியமமாக இருக்கிறது.

எமக்கு இது புதிய விடயமன்று. அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்கள் மதீனாவின் பள்ளிவாசலருகே ருஃபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டதை நாம் பெருமையோடு சொல்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய கைநூலில் வைத்தியருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளியின் இரகசியத்தை வெளியிடாமை, வீட்டுக்குள் போகும்போது பெண்களை விட்டுப் பார்வையைத் தாழ்த்துதல் என்பன வைத்தியர் சத்தியம் செய்ய வேண்டிய விடயங்களாக அதில் உள்ளன. மருத்துவ ஒழுக்கத்தை வைத்தியரின் மனச்சாட்சிக்கு மாத்திரம் விட்டுவிடாமல், கண்காணிக்கும் ஓர் அதிகாரியின் பொறுப்பாகவும் அன்று வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிர்ப்பந்தம் அதன் அளவுக்கே மட்டிடப்படும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. காயம் முழங்காலில் என்றால் முழங்கால் மட்டும் திறக்கப்படும். அந்த விதி பார்வைக்கும் தொடுகைக்கும் மாத்திரம் உரியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தகவலுக்கும் அது பொருந்தும். மருந்து கட்டுவதற்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவே தெரிய வேண்டும். தெரிந்தது அந்த அறையோடு நிற்க வேண்டும்.

பெண்ணுக்குப் பெண் தாதி, ஆணுக்கு ஆண் தாதி என்று வைத்தால் இப்பிரச்சினை தீர்ந்துவிடும் என எம்மில் சிலர் சொல்வார்கள். அந்த ஏற்பாடு பலருக்கு ஆறுதலானது, இயன்ற இடத்தில் செய்ய வேண்டியதும்தான். ஆனால் பிரசவ அறையில் ஏசியவரும் பெண், ஏச்சு வாங்கியவரும் பெண். மாத்திரை விழுங்கிய பிள்ளையின் இரகசியத்தை வெளியில் விட்ட நானும் பெண்தான். திரைச்சீலையால் காக்க முடியாத எல்லைகளும் இருக்கின்றன.

சட்டமும் முறைப்பாடும்

முறைப்பாடு செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?" என்பதே. இருக்கிறது.

அரச தாதி ஒருவர் பொது உத்தியோகத்தர். அவருடைய நடத்தையும் ஒழுக்காற்று நடவடிக்கையும் தாபன விதிக்கோவைக்கு உட்பட்டவை. தொழிலைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைத் தாதியர் பேரவை இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் தொந்தரவைச் சொல்லால் செய்தாலும் செயலால் செய்தாலும் குற்றமாக்குகிறது. அதே திருத்தத்தில் வந்த 364ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வைத்தியசாலை ஊழியர் தன் பதவியைப் பயன்படுத்தி ஒரு பெண்ணை வன்புணர்ந்தால் அதைக் கடுமையான வகைக் குற்றமாகத் தனித்துக் குறிப்பிட்டு, பத்து வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனையை விதிக்கிறது. நோயாளியின் நிலை பலவீனமானது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது சான்று. பொது உத்தியோகத்தர் கைமாறு வாங்குவது இலஞ்சச் சட்டத்தில் 1954 முதலே குற்றம். இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது.

முறைப்பாட்டை வாட் சிஸ்டரிடமோ மேட்ரனிடமோ சொல்லலாம். ஆனால் வைத்திய அத்தியட்சகருக்கு எழுத்தில் கொடுப்பது முக்கியம். திகதி, நேரம், இடம், நடந்தது, கண்டவர் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, ஒரு பிரதியில் ஏற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். போனில் வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடக்கூடாது. மேலிடம் அசையாவிட்டால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், சுகாதார அமைச்சு, மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகிய வழிகள் உள்ளன. குற்றச்செயலாயின் பொலிஸுக்குப் போக வேண்டும். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கமும் உண்டு.

எழுத்து மூல முறைப்பாடு குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு. விசாரணையில் அவர் தன் பக்கத்தைச் சொல்லலாம். சந்தியில் நின்று பேசும் பேச்சிலும், பேஸ்புக்கில் படத்தோடு போடும் பதிவிலும் அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எமது ஆண் தாதியரில் மிகப் பெரும்பாலானோர் கண்ணியமானவர்கள். ஒருவருக்காக எல்லாரையும் சந்தேகிக்கும் நிலை வராமலிருப்பதற்கும் அந்த ஒருவர் முறையாக விசாரிக்கப்பட வேண்டும்.

மூடி மறைப்பதன் விலை

வாப்பா கேட்டது போல நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தத் தாதி பயந்திருப்பார். இந்த இலக்கத்தை அழித்திருப்பார். கொப்பியில் மற்ற இலக்கங்கள் அப்படியே இருந்திருக்கும். வாப்பாவோ சாச்சாவோ இல்லாத, கேட்க ஆளில்லாத ஒரு பிள்ளையின் இலக்கமும் அதில் இருக்கக்கூடும்.

என் சேவைக்காலத்தில் இப்படியான இரண்டு விடயங்கள் இடமாற்றத்தோடு முடிந்ததைக் கண்டேன். பள்ளிவாசலில் பேசி, கைகொடுத்து, "இனி நடக்காது" என்று முடித்தார்கள். முடிந்தது எமது வாட்டில் மாத்திரமே. ஆள் போன இடத்திலும் நோயாளர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டங்களில் நானும் மௌனமாக இருந்தேன். மானம் காப்பது என்று நாம் சொல்வது அநேகமாக எமது வீட்டு மானத்தை மட்டுமே. பாதிக்கப்பட்டவர் தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டே வளர்கிறார் என்பதை அந்தக் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் அன்றிரவு வாப்பாவிடம் சொன்னேன். "நாலு பேருக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டார். முறைப்பாட்டில் பிள்ளையின் பெயர் இருப்பதும் ஊருக்குள் அவள் பெயர் அடிபடுவதும் ஒன்றல்ல என்று விளக்கினேன். அவர் எதுவும் பேசாமல் வெகு நேரம் இருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "நீ என்ன சொல்றாய் மகள்?" என்று கேட்டார். இந்த விடயத்தில் அவளிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது அதுவே முதல் தடவை. அவள் சொன்னாள்: "எழுதுவம் வாப்பா."

கடிதத்தை அவளே தன் கையால் எழுதினாள். நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன். அத்தியட்சகரிடம் வாப்பாவும் நானும் அவளோடு போனோம். அந்தத் தாதி மருந்து கட்டும் அறையிலிருந்து நீக்கப்பட்டார். பூர்வாங்க விசாரணை ஆரம்பமானது. நான் இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் போன் இலக்கம் எழுதும் வழக்கத்தை அந்தப் பிரிவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளையின் காயத்தைத் திரும்பவும் சுத்தம் செய்து மருந்து கட்டினார்கள். ஆறுவதற்கு மேலும் ஐந்து கிழமைகள் எடுத்தன. தழும்பு இருக்கிறது.

அவளுடைய கேள்விக்கு வருகிறேன். மகள், நீங்கள் பதில் போட்டது பிழையல்ல. நன்றி சொன்னது பிழையல்ல. பயந்தது பிழையல்ல. காயத்தோடு வந்தவருக்கு அந்த இடத்தில் ஒரு கடமையும் இருக்கவில்லை, சுகமாவதைத் தவிர. மற்ற எல்லாக் கடமையும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் கடமை உட்பட, வெள்ளை உடுப்பைப் போட்டிருந்தவருடையது.

அந்த உடுப்பை 34 வருடங்கள் போட்டவள், ஒரு தடவை அதை மறந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.